கிராமப் பயிற்சிக்குக் கிளம்பும் வடசென்னை மருத்துவ மாணவருக்கு

ஸ்டான்லி மாதிரி வடசென்னைக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்கிறவர், நோயாளியை முதன்முதலில் வார்டில்தான் பார்ப்போம் என்று நினைத்திருப்பார். இப்போதைய பாடத்திட்டம் அப்படியில்லை. முதலாண்டிலேயே ஒரு கிராமத்தில் 3 முதல் 5 குடும்பங்களை உங்கள் பொறுப்பில் விட்டு, ஆண்டுக்காண்டு போய்ப் பார்த்து வரச் சொல்கிறார்கள். பிறகு படிப்பின் கடைசிப் பயிற்சியாண்டில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது சமூக மருத்துவத்துக்கு மட்டும் 12 வாரம் உண்டு. எஸ்.பி.எம். (சமூக மருத்துவத்தின் பழைய பெயர்) போஸ்டிங்தானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். பெரிய இழப்பு அது. ஓ.பி.யில் எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறது என்பதை அந்த வீட்டில் உட்கார்ந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். அதுவும் ஒரே தடவை போனால் தெரியாது. திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஊர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். நெல் வயல், ஏரிக்கரை மீனவக் குப்பம், இருளர் குடியிருப்பு, செங்கல் சூளை எல்லாம் ஒரே வட்டாரத்தில் வரும். நான்குக்கும் ஒரே மாதிரி வேலை செய்ய முடியாது.

போய்ச் சேர்வது

கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில்தான் வழி. சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டி ராயபுரத்தில் நிற்காது. பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும். பீச்சிலிருந்து வரும் வண்டிதான் ராயபுரம், வண்ணாரப்பேட்டையைத் தொடும். எது எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் ராயபுரம் பிளாட்பாரத்தில் நின்றால் காலை ஓடிவிடும். எக்ஸ்பிரஸ்களுக்காக வண்டியை நிறுத்திவைப்பதும் நடக்கும், அரைமணி நேரம் கூட வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும். உள்ளூர்களுக்குப் பஸ் குறைவு. இறங்கும்போதே திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: நீளாத அளவுநாடா, குழந்தைகளின் புஜச்சுற்றளவு நாடா, ரத்த அழுத்தக் கருவி (கையில் சுற்றும் கஃப் பெரியது, சிறியது இரண்டும்), எடை மெஷின், குளுக்கோமீட்டர், காலாவதியாகாத ஸ்டிரிப், விரல் குத்தும் லான்செட், குத்திய ஊசிகளைப் போட்டுவைக்கத் துளைபடாத டப்பா, டார்ச், குடை, தண்ணீர். குத்திய லான்செட்டை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. அந்தக் குப்பையை மறுநாள் கையால் அள்ளப்போவது ஒரு பெண்ணோ குழந்தையோதான்.

முதலில் நர்சம்மா

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. துணை நிலையத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். அலுவலகத்தில் வி.எச்.என். என்பார்கள், ஊரில் நர்சம்மா. யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, எந்த வீட்டில் காசநோய் மாத்திரை ஓடுகிறது எல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். கர்ப்பிணிக்கு பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அரசு எண்) வாங்குவதும் அவர் மூலம்தான். அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அலைய வேண்டியிருக்கும் என்பதால், கர்ப்பிணி உள்ள வீட்டில் அதை முதலில் கேளுங்கள்.

மருத்துவ அலுவலரைப் பார்த்து அனுமதி பெற்ற பிறகு, நர்சம்மாவோடு அரைநாள் உட்கார்ந்து பதிவேட்டைப் படியுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர், ஊராட்சித் தலைவர் ஆகிய மூவரையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது. தன்னார்வலர்தான் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். 2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியதிலிருந்து பல வீடுகளில் டாக்டரைவிட அவர் முகம்தான் அதிகம் பழக்கம்.

முதல் தடவை நர்சம்மா உங்களை வீட்டுக்கு அழைத்துப்போய் அறிமுகம் செய்யட்டும். இரண்டாம் தடவை நீங்களே போங்கள். அவர் பக்கத்தில் நின்றால் “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேன் மா” என்ற பதில்தான் வரும். அவர் மேல் உள்ள மரியாதையால் சொல்கிறார்கள். அதை அப்படியே ஃபார்மில் எழுதினால் ஃபார்ம் நிரம்பும், உண்மை வெளியில் நிற்கும்.

வீட்டு வாசலில்

ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் போதும், முடிந்தால் ஓர் ஆண், ஒரு பெண். பத்துப் பேர் வெள்ளைக் கோட்டோடு நுழைந்தால் அக்கம்பக்கம் கூடிவிடும், வெள்ளைப்படுதலைப் பற்றியோ குடியைப் பற்றியோ யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கோட்டைப் பையில் வையுங்கள். அடையாள அட்டை போதும்.

நேரம் முக்கியம். நூறுநாள் வேலை நடக்கும் நாளில் காலை ஒன்பதுக்கு மேல் பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். நாற்று நடவு, அறுவடைக் காலத்திலும் அப்படியே. குப்பத்தில் வலை உலர்த்திச் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள்; எப்போது கரைக்கு வருவார்கள் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் இருளப் பெண்கள் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போவார்கள். அவர்கள் கிளம்பும் நேரத்தை அவர்களிடமே கேளுங்கள்.

பெரியவர்களை அம்மா, ஐயா, ஆயா, தாத்தா என்றே கூப்பிடுங்கள். உங்கள் வயதுக்காரர் என்றாலும் வாங்க, போங்கதான். வார்டில் “ஏம்மா, வாயத் திற” என்று பேசுவதைக் கேட்டுப் பழகியிருப்பீர்கள், அதை இங்கே கொண்டுவராதீர்கள். தண்ணீரோ டீயோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். குறிப்பாக இருளர் வீடுகளிலும் சேரிகளிலும் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அச்சடித்த ஃபார்மின் முதல் பக்கத்தில் சாதி, மதம், வருமானம் இருக்கும். அந்த வரிசையில் கேட்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் சமைக்கிறார்கள், வீட்டில் யார் யார், குழந்தைகள் என்ன படிக்கிறார்கள், யாருக்கு உடம்புக்கு என்ன என்று போய், வருமானத்தைக் கடைசியில் கேளுங்கள். கிராமத்தில் சமூகப் பொருளாதார நிலையைக் கணிக்க பி.ஜி. பிரசாத் அளவுகோல் பயன்படும், குப்புசாமி அளவுகோல் நகரத்துக்கு உரியது. பிரசாத் முறைக்குத் தலைக்கு மாத வருமானம் வேண்டும். இங்கேதான் பலர் தவறுவார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் போய் “மாசம் எவ்வளவு வரும்?” என்று விசைப்படகில் கூலிக்குப் போகிறவரைக் கேட்டால் கிடைக்கும் எண்ணும், நல்ல மீன்பாடு உள்ள மாதத்தில் கிடைக்கும் எண்ணும் வேறு வேறு வகுப்பில் போய் விழும். ஆண்டு முழுவதற்கும் சீசன் சீசனாகக் கேட்டு 12-ஆலும், பிறகு வீட்டில் உள்ள தலைகளாலும் வகுங்கள். விவசாயக் கூலிக்கும் சூளைத் தொழிலாளிக்கும் இதே கணக்கு.

சூளைக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும். மொழி தெரியவில்லை என்று மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அவர் முன்னால் காயத்தையோ கூலியையோ முன்பணத்தையோ பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஹிந்தியோ ஒடியாவோ தெரிந்த வகுப்புத் தோழரை அழைத்துப் போங்கள். அந்தக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டை சொந்த ஊரிலேயே தங்கியிருக்கும். அட்டை இல்லாவிட்டாலும் ஊசி இலவசமாகப் போடப்படும் என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

அளவு தவறினால் எல்லாம் தவறும்

பிரஷர் பார்ப்பது எளிது என்று நினைப்பதால்தான் அதிகம் தவறுகிறது. பெரும்பாலான வீடுகளில் தரையில் உட்காருவார்கள், அல்லது முதுகுச் சாய்வில்லாத ஸ்டூல் கொடுப்பார்கள். சாய்வுள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தேடுங்கள், பக்கத்து வீட்டில் கேட்டாலும் தருவார்கள். பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். அதற்கு முந்தின அரைமணியில் காப்பி, பீடி கூடாது. கை நெஞ்சு உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும்; தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கட்டுப்போட்ட மாதிரி ஆகிவிடும், தளர்வாக இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். கஃபின் உள்பை புஜச்சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய கஃப் போட்டால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும், மெலிந்த ஆயாவின் கைக்குப் பெரிய கஃப் போட்டால் இருக்கும் பிரஷரை மறைக்கும். 1 அல்லது 2 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். 140/90-ஐத் தாண்டினாலும் அன்றே “உங்களுக்கு பிரஷர் இருக்கு” என்று சொல்லிவிடாதீர்கள். வேறொரு நாள் திரும்பப் போய் எடுங்கள். 180/110 என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவ அலுவலரிடம் அனுப்புங்கள். கர்ப்பிணிக்கு இந்தப் பொறுமை பொருந்தாது, 140/90 வந்தாலே அன்றே அனுப்ப வேண்டும்.

எடை மெஷினை மண் தரையிலோ சாணம் மெழுகிய தரையிலோ நேராக வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு எடை காட்டும். ஒரு பலகையோ ஓடோ கீழே போட்டுச் சமம் பாருங்கள். மெஷின் சரியா என்று சோதிக்க 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். தண்ணீர் 20 கிலோ, கேனின் எடை கொஞ்சம் கூடும்.

6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இடது புஜத்தின் நடுவில் நாடா சுற்றுங்கள். தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியை அளந்து குறித்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நாடா தோலில் பதியக் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டக் குறைவு, 11.5 முதல் 12.5க்குள் மிதமானது. இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தால், நாடா என்ன சொன்னாலும் கடுமையானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுகர் பார்க்கும் முன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, துடைத்துக் காயவையுங்கள். மாம்பழம் நறுக்கிய கை 300 காட்டும். ஸ்பிரிட் ஈரத்தோடு குத்தினாலும் எண் மாறும்.

மாத்திரைக் கவர்

கிராமப் பயிற்சியில் மிக அதிகம் கற்றுத் தருவது இதுதான். “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்காமல் “மாத்திரைக் கவரைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்று கேளுங்கள். ஆணியில் தொங்கும் மஞ்சப்பையோ பிளாஸ்டிக் கவரோ வரும். எல்லாவற்றையும் பாயில் கொட்டி, எண்ணுங்கள்.

மெட்ஃபார்மின் நாளைக்கு 2 வீதம் 60 கொடுத்திருக்கிறார்கள், வாங்கி 20 நாள் ஆகிறது என்றால் மீதி 20 இருக்க வேண்டும். 40 இருந்தால் ஒரு வேளை முழுசாக விட்டுப்போகிறது. “ஏன் சாப்பிடல?” என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். “எந்த வேளை விட்டுப்போகுது?” என்று கேளுங்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று காலை மாத்திரையை விட்டிருப்பார். எழுத்துப் படிக்க முடியாத அளவு கண் மங்கிய தாத்தா, அட்டையின் நிறம் மாறியதும் இது வேற மாத்திரை என்று ஒதுக்கி வைத்திருப்பார். தனியார் கிளினிக்கில் கொடுத்த அம்லோடிபினும் அரசு கொடுத்த அம்லோடிபினும் வேறு பெயரில் இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவரும் இருப்பார். இவற்றில் எதையும் நீங்களாக மாற்றக் கூடாது. முதலாண்டு மாணவர் மாத்திரை கொடுப்பதோ நிறுத்தச் சொல்வதோ கூடவே கூடாது. எழுதிக்கொண்டுபோய் மருத்துவ அலுவலரிடம் சொல்லி, அவர் சொன்ன பதிலோடு அடுத்த தடவை அதே வீட்டுக்குப் போங்கள். அந்த இரண்டாம் வருகையில்தான் குடும்பம் உங்களை நம்பத் தொடங்கும்.

கர்ப்பிணிகளின் சத்து மாத்திரை தனிக் கதை. 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை அட்டை அட்டையாக அலமாரியில் கிடக்கும். மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல், குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பயம் ஆகிய மூன்றும் அடிக்கடி கேட்கும் காரணங்கள். கறுப்பு நிறம் இரும்பினால் வருவது, கெடுதல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காப்பியோடு வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஏறுவது குறையும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் என்றால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை, 7-க்குக் கீழ் என்றால் கடுமையானது, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியது.

உப்பை அளந்து காட்டுங்கள்

“உப்பைக் குறைங்க” என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். 5 பேர் வீட்டில் 20 நாள் என்றால், தலைக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் போனதைக் கழியுங்கள். கருவாடு, அப்பளம், கடை ஊறுகாயில் இருப்பதை மறக்காமல் கூட்டுங்கள், குப்பத்தில் அதுதான் பெரிய பங்கு. எண்ணெயும் இப்படியே. மாதம் 3 லிட்டர், 5 பேர் என்றால் தலைக்கு நாளுக்கு 20 மில்லி. சமைக்கிற பெண்ணிடமே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், பாக்கெட்டை 30 நாள் வரவைப்பது எப்படி என்று அவரே சொல்லுவார். அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, அடுத்த தடவை பாக்கெட் வாங்கிய தேதியைக் கேளுங்கள்.

கிணற்றுக்குக் குளோரின்

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி உவர்த்துப்போன இடங்கள் நிறைய. பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. அந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார்களா, துவைக்க மட்டுமா என்று முதலில் கேளுங்கள்.

செய்முறை இது. கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் மீட்டரில் அளக்க வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர். விட்டம் 2 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறக்குறைய 24 கிராம் நல்ல பவுடர் வேண்டும். நல்ல பவுடர் என்றால் 33 சதவீதம் குளோரின் உள்ளது. திறந்து வைத்த மூட்டையில் அது பறந்துபோயிருக்கும், பலன் கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிறு கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். வண்டலையும் சேர்த்துக் கொட்டினால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். 1 மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது, அதனால் இரவில் செய்வது வசதி. பிறகு நீரில் உள்ள குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பாருங்கள்: லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீரில் அழுக்கு அதிகம், திரும்பச் செய்ய வேண்டும்.

புதன்கிழமை

செவ்வாய் கர்ப்பிணிப் பரிசோதனை, புதன் தடுப்பூசி என்பது தமிழ்நாட்டில் ஊறிப்போன வழக்கம். புதனன்று போனால் ஊசி போடுவதை வேடிக்கை பார்க்காமல் பெட்டியைப் படியுங்கள். குப்பியின் மேல் உள்ள வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். அதே நிறமோ கறுப்போ ஆகியிருந்தால் மருந்தைச் சூடு தின்றுவிட்டது, கூடாது. பி.சி.ஜி. (காசநோய்), எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) குப்பிகளைக் கரைத்த நேரத்தை அதன் மேலேயே எழுத வேண்டும். 4 மணி நேரம் தாண்டினால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். ஐஸ் பேக்கை உறைந்தபடியே பெட்டியில் அடுக்கினால் பென்டாவாலென்ட் என்ற ஐந்து நோய்க்கான தடுப்பூசி உறைந்து கெடும். குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை வெளியில் வைத்துத்தான் அடுக்குவார்கள். ஊசிக்குப் பிறகு தாயை அரைமணி உட்கார வைத்து, இன்று போட்டது என்ன, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்தது எந்தத் தேதி என்று சொல்லும் வேலையை நர்சம்மாவிடம் கேட்டு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அவருக்கு அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

காத்திருக்கக் கூடாதவை

கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைதல் என்றால் 108. பாம்புக்கடி என்றால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108. விஷமுறிவு மருந்து அந்த வட்டாரத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன்கள் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில்தான் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் முடிவு தவறும். நாய்க்கடி என்றால் 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே முதல் ஊசி. தோலில் போடுவதானால் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். வலி போனதும் மூன்றாம் ஊசிக்கு வராமல் இருப்பவர்கள் அதிகம், தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுங்கள். 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக 1 லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பு கூடி ஆபத்து. வீட்டில் 1 லிட்டர் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

நோட்டில் பெயருக்குப் பதில் வீட்டு எண் போடுங்கள். பெயர்ப்பட்டியல் தனியாகக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் இருக்கட்டும். காசநோய், எச்.ஐ.வி., மனநோய் பற்றி டீக்கடையிலோ ரயிலிலோ பேசக் கூடாது. பொன்னேரி வண்டியில் எதிர் சீட்டில் அந்த ஊர்க்காரர் இருப்பார். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், கேட்டு எடுத்தாலும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசி வரியில் ஒன்று இருக்க வேண்டும்: அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டுவருவதாகச் சொன்னீர்கள் என்பது. ரிப்போர்ட் முடிவாக இருக்கலாம், நர்சம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்ற பதிலாக இருக்கலாம். முடியாது என்றாலும் போய் முடியாது என்று சொல்லுங்கள்.

போஸ்டிங் முடியும்போது குடும்பத்திடம் இனி யார் வருவார்கள் என்பதைச் சொல்லி, முடிந்தால் அடுத்த பேட்ச் மாணவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள். தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களின் பட்டியலை ஒரே தாளில், பிரச்சினை, கடைசி அளவு, அடுத்த தேதி என்று எழுதி, ஒரு பிரதியைத் துறையிலும் ஒரு பிரதியை நர்சம்மாவிடமும் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.